மூன்றாவது திருத்தம்

"மாப்ள, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? நாளைக்கு மிஷினை நானே என் கையால தட்டி, நம்ம சனங்க அத்தினி பேருக்கும் மாத்திக் காமிக்கப் போறேன்!"

போனில் ஆதிமூலத்தின் குரலைக் கேட்டதும் இளஞ்செழியனுக்கு டீ புரையேறியது.

"எதை மாமா மாத்தப் போறீங்க?"

"எதையாச்சும் மாத்துவேன். எடைச்சீட்டு எழுத்தை மாத்துவேன், கலரை மாத்துவேன். என் பாஸ்வேர்டு, என் மிஷின். எப்பப் பாரு அந்த இசைவாணிப் பொண்ணுதான் தட்டிக்கினு இருக்குது. நாளைக்கு நான் தட்டுறேன்."

"அது கொஞ்சம் கஷ்டம் மாமா..."

"மாப்ள எழுதின சாப்ட்வேரு மாமனுக்குக் கஷ்டமா இருக்குமா?"

கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வடக்கனந்தலில் நிலம், வெள்ளிமலையில் சாமையும் மரவள்ளியும் வாங்கும் மண்டி, மலையடிவாரம் வரை கேட்கும் தொண்டை என்று மூன்றும் உள்ளவருக்கு யாருடைய பதிலும் தேவைப்பட்டதில்லை.

அவருடைய ஒரே மகள் தேவிப்ரியாவுக்கும் இளஞ்செழியனுக்கும் அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அதற்கு முன்னால் மண்டியில் கட்டிய புது எடைமேடையை இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களையும் கூட்டி நாளைக்குத் திறப்பதாக ஏற்பாடு. எடைமேடையை ஓட்டுவது இளஞ்செழியன் எழுதிய மென்பொருள். அதற்குள் அவன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். அதுதான் இப்போது டீயை மூக்கு வழியாக வரவழைத்தது.

இளஞ்செழியனுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. வயது முப்பத்திரண்டு. அவனைப் பார்க்க வந்த பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவன் அம்மா பெரியநாயகி போட்ட பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் வேலைன்னா பெங்களூருல இல்ல இருக்கணும்? இங்க இருந்துக்கினு இன்னா கம்ப்யூட்டரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பஜ்ஜிமாவு தீர்ந்ததே தவிர கல்யாணம் நடக்கவில்லை.

அப்படியிருந்தவனுக்குப் போன மாதம் பெண் வீட்டிலிருந்தே பேச்சு வந்தது. அதுவும் ஆதிமூலம் வீட்டிலிருந்து.

"ரெண்டு வருசமா இத்தினி வாட்டி மாத்தச் சொன்னேன். ஒரு வாட்டிகூட முடியாதுன்னு சொன்னதில்ல. சரிங்க ஐயா, சரிங்க ஐயாம்பாரு. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன் எங்க கிடைக்கும்?" என்று ஆதிமூலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மைதான், முகத்துக்கு நேரே அவன் சொன்னதில்லை.

வெள்ளிமலை மண்டியில் எடையைச் சத்தமாகக் கூவ வேண்டும். சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும், மூட்டை கொண்டுவந்தவர் தன் காதால் கேட்டால்தான் அது எடை. அதனால் மென்பொருளே எடையைக் கூவும்படி இளஞ்செழியன் எழுதிக் கொடுத்தான். குரல் கொடுக்க ஆள் தேட முடியாமல் தானே பேசிப் பதிவு செய்தான். கொடுத்த மறுநாளே ஆதிமூலம் போன் செய்தார். முதல் மூட்டையை "ஒன்று" என்று சொல்லக் கூடாதாம், மண்டி வழக்கப்படி "லாபம்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். மாற்றினான். குரல் கம்மியாக இருக்கிறது என்றார். மாற்றினான். ஜாஸ்தியாகிவிட்டது, மாடு மிரளுகிறது என்றார். சீட்டில் பச்சை வேண்டும், மஞ்சள் வேண்டும், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று வேண்டும் என்றார். ஒரு நாள், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா மொத மொதல்ல இருந்துச்சே, அப்பிடியே மாத்திடுங்க" என்றார்.

"சரிங்க ஐயா" என்று போனை வைத்தான். ஆபீஸ் கதவைத் தாழ் போட்டான். மைக்கைப் பிடித்து, வயிற்றிலிருந்து கத்தினான்.

"யோவ்! எத்தினி வாட்டிய்யா மாத்துவே? உனக்கு வேற வேலையே கிடையாதா?"

அதற்குப் பின்னால் இணையத்தில் கிடைத்த ஒரு கழுதையையும் கத்த விட்டான். ஆதிமூலத்தின் பாஸ்வேர்டில் நுழைந்து, ஒரே மூச்சில் மூன்று திருத்தம் செய்தால் மூன்றாவதற்கு இந்தக் குரல் வர வேண்டும் என்று மென்பொருளுக்குள் ஒளித்து வைத்தான்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. யார் கண்ணிலும் படாத மூலையில் எதையாவது ஒளித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்கள். இளஞ்செழியன் எழுதிய ஆஸ்பத்திரி டோக்கன் மென்பொருளில் சில பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் திரையில் மழை பெய்யும். அது விளையாட்டு. இது வயிற்றெரிச்சல். ஆனாலும் ஆதிமூலம் மலையில் இருக்கும் நாளில்கூட கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். போனில் சொல்வார், இசைவாணி தன் பாஸ்வேர்டில் தட்டுவாள். ஒரு புகாரும் வரவில்லை என்பதால் அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை என்று நம்பி, அவனே அதை மறந்துபோயிருந்தான்.

இப்போது ஆதிமூலம் தட்டப் போகிறார். மூன்று திருத்தத்துக்குக் குறைந்து அவர் எதிலிருந்தும் கையெடுத்ததாகச் சரித்திரம் இல்லை. சம்பந்தி முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால், மாப்பிள்ளையின் குரல் "யோவ்" என்று கேட்கும். பின்னாலேயே கழுதை.

அதற்கப்புறம் தேவிப்ரியா கிடைக்க மாட்டாள். பெண் பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "மனசுல பட்டதை டக்குனு சொல்லிடுவீங்கதானே?" ஏன் கேட்கிறாள் என்று புரியாமல் "ஆமாங்க" என்றான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பிலிருந்து அவன் இன்னும் இறங்கி வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல் வரை போய்த் திரும்பினான். பிறகு மண்டியில் கணினி பார்க்கும் இசைவாணிக்குப் போன் செய்தான்.

"இசைவாணி, மிஷின்ல வித்தியாசமா ஏதாவது சத்தம் வந்துதா இதுவரைக்கும்?"

"இன்னா சத்தம் சார்? ஒண்ணும் வரலியே." அவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"சரி. ஸ்பீக்கரைக் கழட்டி உள்ள வெச்சிடும்மா. அது லூஸ் கனெக்‌ஷன். ஷாக் அடிக்கும்."

"சரிங்க சார்."

இளஞ்செழியன் மூச்சு விட்டான். ஸ்பீக்கர் இல்லையென்றால் கழுதை எங்கிருந்து கத்தும்? மிச்ச டீயைக் குடித்து முடிப்பதற்குள் தேவிப்ரியாவின் போன் வந்தது.

"ஸ்பீக்கரு சரியில்லன்னு இசைவாணி சொன்னா. நீங்க கவலைப்படாதீங்க, நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். சங்கராபுரத்துல இருந்து சவுண்டு சர்வீஸ்காரரு வந்துக்கினு இருக்காரு. ரெண்டு குழாய் கட்டச் சொல்லியிருக்கேன்."

"குழாயா?"

"உங்க குரலு ஊரு முழுக்கக் கேக்க வேணாமா?"

எவ்வளவு பெருமை இந்தப் பெண்ணுக்குத் தன் மேல் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது. கழுதை இனி வெள்ளிமலை முழுவதும் கேட்கும்.

இங்கிருந்தபடியே இணையம் வழியாக மண்டிக் கணினிக்குள் நுழைந்து குரலை அழித்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தான். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றான். மறுபடி இசைவாணியைக் கூப்பிட்டான்.

"நெட்டு இல்ல சார். சீரியல் லைட்டு போட பிளக்கு பத்தலன்னு தேவிப்ரியா அக்கா மோடத்தைக் கழட்டி வெச்சிட்டாங்க."

"திரும்ப மாட்டச் சொல்லும்மா!"

"அக்கா கையில எடுத்துக்கினு எங்கியோ போயிட்டாங்களே சார்."

இனி நேரில் போவதைத் தவிர வழியில்லை. குளிக்காமலேயே சட்டையை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு ஓடினான். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவனைப் பெரியநாயகி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"வெள்ளிமலைக்கும்மா. மண்டியில சின்ன வேலை. போயிட்டு சாயங்காலமே வந்துடுவேன்."

"நிச்சயத்துக்கு முன்னாடி மாப்ள பொண்ணு இருக்கிற இடத்துக்குத் தனியா, வெறுங்கையோட போவாரா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"யாருக்கும் தெரியாமப் போயிட்டு வந்துடுறேம்மா!"

"யாருக்கும் தெரியாமப் போறதுக்கு நீ இன்னா திருடனா? இரு, நானும் வரேன். உங்க சுப்புராயன் மாமாவுக்கும் ஒரு போன் போடு."

அரை மணி நேரத்தில் பழத்தட்டு, பூ, வெற்றிலை பாக்கு, சுப்புராயன் மாமா, மாமாவின் சம்சாரம், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு சின்ன ஊர்வலமே பஸ் ஏறியது. ரகசியமாகப் போக நினைத்தவன் மடியில் ஒரு தார் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், சம்பந்திக்குத் தகவல் சொல்லாமல் போகக் கூடாது என்று பெரியநாயகி ஆதிமூலத்துக்கு போன் போட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் பஸ் முழுவதும் கேட்டது.

"தட்டோட வறீங்களா? அட! குழாயும் கட்டியாச்சு, நீங்களும் வந்துட்டீங்க, அப்புறம் எதுக்கு நாளைக்கு? இன்னிக்கே திறந்துடலாம். பிளானை மாத்திட்டேன்!"

இளஞ்செழியன் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டான். கொண்டை ஊசி வளைவில் முட்டியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிமலையில் இறங்கியபோது மண்டி வாசலில் பந்தல் போட்டு, இரண்டு குழாய்கள் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாமை மூட்டையோடு வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். கைகுலுக்கியவர்களிடமிருந்து கையைப் பிடுங்கிக்கொண்டு அவன் எடை அறைக்குள் நுழைந்தான்.

கணினிக்கு முன்னால் நாற்காலி போட்டு தேவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். பக்கத்தில் இசைவாணி நின்றாள். அவனைக் கண்டதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? மிஷின்ல ஒரு சின்ன வேலை இருக்குது" என்றான் இளஞ்செழியன்.

"இப்ப எதுக்குங்க? இருக்கிறதே நல்லாத்தானே இருக்குது?"

"உள்ள ஒரு தப்பு இருக்குதுங்க. நான்தான் பண்ணேன்."

"தப்பா?" அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அப்பிடி ஏதாச்சும் இருந்தா, அப்பாகிட்ட நேராவே சொல்லிடுங்களேன். நானும் கூட நிக்கிறேன்."

"ஐயையோ, அப்பாகிட்டயா! வேணாங்க. அவரு கோவப்பட்டாருன்னா?"

"பட்டா படட்டுமே."

"உங்களுக்கு அவரைப் பத்தித் தெரியாதுங்க" என்று அவருடைய மகளிடமே சொன்னான் இளஞ்செழியன்.

தேவிப்ரியா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்காலியை விட்டு எழவில்லை. அதற்குள் வெள்ளை வேட்டி சரசரக்க ஆதிமூலமே உள்ளே வந்துவிட்டார். வியர்த்துக்கொண்டிருந்த இளஞ்செழியனுக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. இப்படி ஒரு யோசனை தன் மூளையிலிருந்து வந்ததற்காக அவன் வேறொரு நாளில் வெட்கப்பட்டிருப்பான்.

"மாமா, எடைச்சீட்டுல உங்க போட்டோ வர்ற மாதிரி பண்ணித் தரலாம்னு வந்தேன்."

"என் போட்டோவா?"

"ஆமாம் மாமா. மீசையோட. ஆனா தனியா இருந்தாத்தான் வேலை ஓடும்."

ஆதிமூலத்தின் மார்பு விரிந்தது. "கேட்டீங்களா? மாப்ள வேலை செய்யணும். எல்லாரும் வெளிய போங்க! தேவி, எழுந்திரு. சீக்கிரம்!"

தேவிப்ரியா எழுந்தாள். வாசல் வரை போய், ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் கதவைத் தாழ் போட்டான்.

நிரலைத் திருத்தி மறுபடி ஏற்றுவதற்கு நேரம் இல்லை. வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. குரல் இருந்த கோப்பைத் தேடிப் பிடித்து அழித்தான். சோதித்துப் பார்த்தால் மூன்றாவது திருத்தத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. கோப்பு இல்லையென்றால் மென்பொருள் முழிக்கும். அந்த இடத்தில் ஏதாவது ஒரு குரல் இருந்தே ஆக வேண்டும்.

"மாப்ள, ஆச்சா?" கதவு தடதடத்தது.

"இதோ மாமா!"

இளஞ்செழியன் செல்போனை வாயருகே வைத்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே, கிடைத்த மூச்சில், மனசுக்குள் முதலில் வந்ததைப் பேசினான். பழைய குரல் இருந்த இடத்தில் அதைப் போட்டு மூடினான். ஆதிமூலத்தின் போட்டோவைச் சீட்டின் தலையில் ஏற்றினான். கதவைத் திறந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தாலும், காலையிலிருந்து முதல் தடவையாக அவனுக்குக் கால் தரையில் நின்றது.

கணினியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தேவிப்ரியா முன் வரிசையில் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். எடைமேடைக்குக் கற்பூரம் காட்டி, முதல் சாமை மூட்டையை ஏற்றினார்கள். இரண்டு குழாய்களிலும் இளஞ்செழியனின் குரல் கணீரென்று "லாபம்!" என்றது. கூட்டம் கை தட்டியது. பெரியநாயகி பக்கத்து வீட்டுக்காரியின் தொடையைக் கிள்ளி, "என் பையன் குரலு" என்றாள்.

ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப நானே மாத்துறேன், எல்லாரும் பாருங்க!"

ஒற்றை விரலால் தேடித் தேடிப் பாஸ்வேர்டைத் தட்டினார். சீட்டின் நிறத்தைப் பச்சையாக்கினார். கை தட்டினார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார். கை தட்டினார்கள். தேவிப்ரியா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். ஒரு கையால் இசைவாணியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் இத்தனை ஆவலை இளஞ்செழியன் இதுவரை பார்த்ததில்லை.

"இன்னாவோ ஒண்ணு குறையுதே" என்று மீசையைத் தடவிய ஆதிமூலம், தன் போட்டோவைத் தொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

மூன்றாவது திருத்தம்.

குழாய்கள் இரண்டும் ஒரு தடவை கரகரத்தன. பிறகு வெள்ளிமலை முழுவதும், எதிர் மலையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, இளஞ்செழியனின் குரல் குழைந்து ஒலித்தது.

"நீங்க சொன்னா சரிதாங்க மாமா! எத்தினி வாட்டி வேணும்னாலும் மாத்துங்க மாமா!"

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. ஆதிமூலம் எழுந்து வந்து மாப்பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "பார்த்தீங்களா? பார்த்தீங்களாய்யா என் மாப்ளயை!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சுப்புராயன் மாமா துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். பெரியநாயகி அழுதேவிட்டாள். எடைமேடைக்கு வைத்த கற்பூரத்தை யாரோ மாப்பிள்ளைக்கும் காட்டினார்கள்.

தப்பித்துவிட்டோம் என்று இளஞ்செழியனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மாமனாரின் தோளுக்கு மேலாகத் தேவிப்ரியாவைத் தேடினான். அவள் நாற்காலி காலியாக இருந்தது. பந்தலுக்கு வெளியே, தலையிலிருந்த கனகாம்பரத்தைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு, அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜீப் வடக்கனந்தல் பக்கம் கிளம்பிவிட்டது.

மாமனாரின் பிடியிலிருந்து நழுவி ஓடினான். வழியில் இசைவாணி கையில் மோடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இசைவாணி, அவங்களுக்கு இன்னா ஆச்சு? எங்க போறாங்க? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே!"

இசைவாணி மோடத்தை அவன் கையில் திணித்தாள்.

"இன்னா முடிஞ்சிச்சு? ஒரு நாள் ஐயா பாஸ்வேர்டுல நாங்க தட்டுனப்பவே அந்தக் கழுதை கத்திடுச்சு சார். அவங்கப்பாவை 'யோவ்'னு கேட்ட ஆம்பளை இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தருதான்னு, அன்னிலருந்து சோறு தண்ணி இல்லாம நின்னு ஐயாவை ஒத்துக்க வெச்சுது அக்கா. அந்தக் குரலை ஐயா காதுல விழ வெக்கத்தான் சார் குழாயே கட்டுனது!"